நாடியிலிருந்து குருதித் துளிக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, வைத்தியத்துக்குப் பெயர்பெற்ற சில்லாலைக்கு அயலில் அமைந்திருக்கிறது பண்டத்தரிப்பு. மாதகலுக்குப் போகும் பஸ் பிரயாணிக்கு இவ்வூர் ஒரு சிறு சந்தியாகவும் சில கடைகளாகவுமே தோன்றக்கூடும். ஆயினும் ஆசியாவில் மேனாட்டு வைத்தியம் பரவிய வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வூரைத் தாண்டிச் செல்ல இயலாது. நியூயோர்க் நகரில் வைத்தியத் தொழில் செய்துவந்த ஜோன் ஸ்கடர் என்பவர் 1819ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, 1820இல் பண்டத்தரிப்பிலே குடியேறி, அங்கு நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்க மிஷன் கீழைத்தேயத்துக்கு அனுப்பிய முதல் வைத்தியர் அவரே. 1836இல் அவர் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருடைய பேர்த்தியாகிய ஐடா ஸ்கடரே பின்னாளில் வேலூரில் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரியை நிறுவியவர்.

ஸ்கடரின் வாயிலில் வந்து நின்றோருள் கால் வீங்கி, வயிறு பெருத்து, நாலடி நடக்க மூச்சிரைத்து, இரவில் படுக்க இயலாது திண்ணைத் தூணிற் சாய்ந்தபடியே விடியும்வரை இருந்த நோயாளரும் இருந்திருப்பர் என்று ஊகிப்பதில் தவறில்லை. அந்நோய் எக்காலத்தும் எந்நாட்டிலும் உள்ளதே. அத்தகைய நோயாளரைக் கொண்டுவரும் உறவினர் வைத்தியரிடம் பல கேள்விகள் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது ஒன்றே: "ஐயா, ஆள் தப்புமோ?"

இந்த ஒரு கேள்விக்கு மனிதன் எவ்வெக்காலத்தில் எவ்வெவ்வாறு விடை தேடினான், கண்ட விடை யாருக்குப் பயன்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று நாட்பட்ட இதயச் செயலிழப்பு என்று நாம் அழைக்கும் அந்நோயின் போக்கை ஒரு துளிக் குருதியைக் கொண்டு ஓரளவு முன்னறிய முடிகிறது. இது விஞ்ஞானத்தின் பெருவெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் வெற்றி யாருடைய வாசற்படிவரை வந்திருக்கிறது என்று கேட்பதும் நமது கடமையாகும்.

ஸ்கடர் வருவதற்கு முன்னரே இக்கேள்விக்கு விடைகூறும் மரபொன்று நம்மிடையே இருந்தது. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தனவாகக் கூறப்படும் 'செகராசசேகரம்', 'பரராசசேகரம்' முதலிய வைத்திய நூல்கள் ஏட்டுச் சுவடிகளாகப் பரம்பரை வைத்தியர் வீடுகளில் பேணப்பட்டு வந்தன. தமிழ் வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கண்ணின் கீழிமையை விலக்கி அதன் வெளுப்பை நோக்கினார். வீங்கிய காலை விரலால் அமுக்கி, விழுந்த குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறதென்று கவனித்தார். அதன்பின் நோயைச் சாத்தியம், அசாத்தியம் என வகுத்தார். பாண்டு, சோபை, மகோதரம் என அவர் பெயரிட்டவற்றுள் ஒரு பகுதி இன்றைய இதயச் செயலிழப்பே எனக் கொள்ளலாம்.

இம்மரபை எள்ளி நகையாடுவது அறியாமை. விரலால் அமுக்கிக் குழி பார்க்கும் முறையை இன்றைய வைத்தியரும் கைவிடவில்லை. அதே வேளையில் அதனைப் போற்றிப் புராணமாக்குவதும் பொருந்தாது. அசாத்தியம் என்று கூறப்பட்ட நோயாளிக்கு வைத்தியர் கைவிரித்துவிடுவதே பெரும்பாலும் வழக்கமாயிருந்தது. முன்னறிதல் என்பது அங்கே ஒரு தீர்ப்பாக இருந்ததேயன்றிச் செயலுக்கு வழிகாட்டும் கருவியாக இருக்கவில்லை. நோய் ஏன் முற்றுகிறது என்ற காரணம் தெரியாதவிடத்துத் தீர்ப்பைத் தவிர வேறு எதைக் கூறமுடியும்?

ஆனால் கடல் கடந்து வந்த வைத்தியரும் இவ்விடயத்தில் அதிகம் அறிந்தவராக இருந்திருக்க முடியாது. ஆங்கில வைத்தியரான வில்லியம் விதெரிங், நரிக்கையுறைச் செடி எனப்படும் டிஜிற்றாலிஸ் இலையின் பயனைப் பற்றிய நூலை 1785இல் வெளியிட்டிருந்தார். அந்த இலையைப் பற்றி ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் கைமருந்திலிருந்தே தாம் அறிந்ததாக அவர் ஒப்புக்கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. மக்களின் அனுபவம் விஞ்ஞானத்தின் ஊற்றுக்களில் ஒன்று என்பதற்கு இது நல்ல சான்று. பிரான்சிய வைத்தியர் லெனெக், நெஞ்சொலியைக் கேட்பதற்கான குழாயைப் பற்றித் தமது நூலை வெளியிட்டது 1819இல். அதாவது ஸ்கடர் கப்பலேறிய அதே ஆண்டில். மற்றபடி குருதி வாங்குதலும் பேதி கொடுத்தலுமே அக்கால மேனாட்டு வைத்தியத்தின் பெரிய ஆயுதங்களாயிருந்தன. "ஆள் தப்புமோ?" என்ற கேள்விக்குச் சில்லாலை வைத்தியரும் பண்டத்தரிப்பு வைத்தியரும் ஏறத்தாழ ஒரே அளவு இருளில் நின்றே விடை கூறினர்.

மிஷனரி வைத்தியம் முற்றிலும் பற்றற்ற தொண்டு என்று கொள்வதற்கில்லை. மருந்துக்கு வந்தவனுக்கு மருந்தோடு பிரசங்கமும் கிடைத்தது. உடலைத் தொடுவது உள்ளத்தை மாற்றுவதற்கான வழியெனவே மிஷன் சபையார் கருதினர். எனினும் வரலாற்றின் இயக்கம் தனிமனிதரின் நோக்கங்களோடு நின்றுவிடுவதில்லை. அந்த வாயிலின் வழியே புதியதோர் அறிவுமுறையும் இந்நாட்டுக்குள் நுழைந்தது.

அவ்வறிவை மக்களின் உடைமையாக்க முயன்றவர் ஸ்கடருக்குப் பின் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், பண்டத்தரிப்பிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்திய வகுப்பும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த கிறீன், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் அறுபதுகளில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தம் மாணவரின் துணையோடு மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்' என இந்நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். ஆங்கிலம் கற்றவன் நகரத்தையும் அரசாங்க உத்தியோகத்தையும் நாடிப் போய்விடுவான், தமிழிற் கற்றவனே கிராமத்தில் தங்கி மக்களுக்குப் பணியாற்றுவான் என்பது அவர் கண்ட நடைமுறை உண்மை. 1873இல் அவர் நாடு திரும்பியபின் அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அரசாங்கத்தின் அங்கீகாரமும் சம்பளமும் ஆங்கிலத்தின் பக்கமே இருந்தன. ஒரு மொழி விஞ்ஞானத்துக்கு ஏற்றதா இல்லையா என்பதை அம்மொழியின் இலக்கணம் தீர்மானிப்பதில்லை, அதிகாரமும் பொருளாதாரமுமே தீர்மானிக்கின்றன என்பதற்கு மானிப்பாயிலும் சிறந்த உதாரணம் தேடவேண்டியதில்லை.

இனி, நோயின் இயல்பை நோக்குவோம். இதயச் செயலிழப்பு என்றவுடன் இதயம் நின்றுவிட்டதென எண்ணுதல் தவறு. உடலுக்கு வேண்டிய அளவு குருதியைச் செலுத்தும் ஆற்றல் இதயத்துக்குக் குன்றிப்போவதே அதன் பொருள். மாரடைப்பு, நீண்டகாலக் குருதியமுக்கம், சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலாற் பழுதடைந்த வால்வுகள், இதயத் தசையின் நோய்கள் எனக் காரணங்கள் பல. ஆற்றல் குன்றியதும் உடல் அதனை ஒரு குருதிப்பெருக்கு ஆபத்தைப்போல் எடுத்துக்கொள்கிறது. நரம்புகள் நோரட்ரினலீனைச் சுரந்து இதயத்தைச் சவுக்காலடிப்பதுபோல் விரட்டுகின்றன. சிறுநீரகம் ரெனினைச் சுரந்து, உப்பையும் நீரையும் வெளியே விடாது தேக்கிவைக்கிறது. சில மணி நேர ஆபத்துக்கு உகந்த இந்த ஏற்பாடு மாதக்கணக்கில் நீடிக்கும்போது, ஏற்கெனவே களைத்த இதயத்தின்மேல் மேலும் சுமையை ஏற்றுகிறது. காலிலே தேங்குவது அந்த நீர். நெஞ்சிலே அடைப்பதும் அதுவே.

இந்த உண்மை துலங்கியதும் "ஆள் தப்புமோ?" என்ற கேள்வி புதிய வடிவம் பெற்றது. 1984இல் அமெரிக்க வைத்தியர் ஜே கோனும் அவர் குழுவினரும் 106 நோயாளரின் குருதியில் நோரட்ரினலீனை அளந்து ஒரு முடிவை வெளியிட்டனர். எவர் குருதியில் அது மிகுந்திருந்ததோ, அவரே விரைவில் இறந்தார். இதயத்தின் பம்பும் ஆற்றலை அளந்து பெற்ற எண்களைவிட இந்த ஒரு குருதி அளவு நோயின் முடிவைத் திருத்தமாகச் சுட்டியது.

இங்கேதான் பழைய முன்னறிதலுக்கும் புதியதற்குமுள்ள அடிப்படை வேறுபாடு வெளிப்படுகிறது. நோரட்ரினலீன் வெறும் சகுனமன்று. நோயை முற்றச்செய்யும் காரணங்களில் அதுவும் ஒன்று. ஆகவே அதைத் தடுத்தால் விதியையே மாற்றலாமல்லவா? சுவீடன் வைத்தியர்கள் 1975இலேயே பீற்றா தடுப்பான் மருந்துகளைச் சில நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்திருந்தனர். தளர்ந்த இதயத்தை மேலும் தளர்த்தும் மருந்தைக் கொடுப்பதா என்று பலர் அதை ஐயுற்றனர். 1999இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் இம்மருந்துகள் இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைக்கின்றன எனக் காட்டி ஐயத்தைத் தீர்த்தன. அதற்கு முன்பே, 1987இல், நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் நோய் மிக முற்றிய 253 பேரிடம் எனலாப்பிரில் என்ற மருந்து சோதிக்கப்பட்டிருந்தது. ஆறு மாதத்தில் மருந்தில்லா மாத்திரை பெற்றோரில் 44 சதவீதத்தினரும், மருந்து பெற்றோரில் 26 சதவீதத்தினரும் இறந்தனர். அசாத்தியம் என்று கைவிரிக்கப்பட்ட நோய் சாத்தியத்தின் எல்லைக்குள் சிறிது சிறிதாக நகர்ந்தது.

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத ஓர் அத்தியாயம் இந்தியாவிலே நிகழ்ந்தது. இதயச் செயலிழப்பில் உடலின் நீர், உப்பு, சிறுநீரகம், ஓமோன்கள் ஆகியன உண்மையில் எந்நிலையில் உள்ளன என்று அறிய விரும்பிய ஆய்வாளருக்குப் பெரிய தடையொன்று இருந்தது. செல்வ நாடுகளில் அந்நோய் முற்றுமுன்பே நோயாளி ஏதேனும் மருந்து உட்கொண்டிருப்பான். மருந்து ஓமோன்களின் அளவை மாற்றிவிடும். மருந்தே தொடாத, ஆனால் முற்றிய நிலையிலுள்ள நோயாளி வேண்டும். அத்தகையோர் சண்டிகாரிலுள்ள பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையத்துக்கு வந்தனர். இந்தர் ஆனந்தும் இலண்டன் ஆய்வாளரும் சேர்ந்து எட்டு நோயாளரிடம் நடத்திய அளவீடுகள் 1989இல் வெளிவந்தன. நோரட்ரினலீன், ரெனின் முதலியன பன்மடங்கு உயர்ந்திருப்பதை அவை ஐயத்துக்கிடமின்றி நிறுவின. அவ்வாய்வு இன்றும் அடிப்படையான ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அந்த எட்டுப் பேரும் யார்? முற்றும்வரை ஒரு மாத்திரையேனும் பெறாதவர்கள். நமது நாடுகளில் அந்நிலை எதனால் வருகிறது என்பதை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விளக்க வேண்டியதில்லை. விஞ்ஞானிகள் குற்றம் செய்தனர் என்று நான் கூறவில்லை. அவர்கள் அளந்தார்கள், சிகிச்சையும் நடந்தது. ஆனால் உலகத்தின் பாடநூலில் ஒரு பக்கத்தை எழுதியது மருந்து எட்டாத உடல்களின் குருதி. அப்பாடநூலின் பயனில் அவ்வுடல்களுக்கும் பங்குண்டு என்று கோருவது பிச்சை கேட்பதாகாது, உரிமை கேட்பதாகும்.

இன்று பெரிதும் பயன்படும் குருதிக் குறிகாட்டியின் கதை இதற்குச் சமாந்தரமாக வளர்ந்தது. இதயத்தை வெறும் பம்பு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1956இல் புருனோ கிஷ் என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இதயச் சோணையறைத் தசைக்குள் சிறு மணிகளைக் கண்டார். சுரப்பிகளில் மட்டுமே காணப்படும் அத்தகைய மணிகளுக்கு இதயத்தில் என்ன வேலை என்பது புதிராகவே இருந்தது. 1981இல் கனடாவில் அடொல்போ டி போல்டும் அவரது துணைவர்களும் எலியின் சோணையறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். அவ்வெலிகள் உப்பையும் நீரையும் பெருமளவு சிறுநீராகக் கழித்தன. இதயம் ஒரு சுரப்பியும் ஆகும் என்ற உண்மை அன்று வெளிப்பட்டது. 1988இல் ஜப்பானிய ஆய்வாளர் பன்றியின் மூளையில் இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பெப்ரைட்டைக் கண்டு, மூளையின் பெயரையே அதற்கு இட்டனர். பின்னர் அது மிகுதியாகச் சுரப்பது இதயவறையிலே என்று தெரியவந்தது. பெயர் மட்டும் மாறவில்லை, அதுவே பி.என்.பி.

இதயவறையின் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது அதன் தசைக்கலங்கள் 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியை ஆக்குகின்றன. அது இரண்டாகப் பிளக்கிறது. 32 அமினோ அமிலங்களுடைய துண்டு பி.என்.பி.; உப்பையும் நீரையும் வெளியேற்றி இதயத்தின் சுமையைக் குறைக்க முயல்வது இதுவே. 76 அமினோ அமிலங்களுடைய மற்றத் துண்டு என்.ரி. புரோ பி.என்.பி.; இதற்கு வேலை எதுவும் இல்லை, ஆனால் குருதியில் கூடிய நேரம் தங்குவதால் அளப்பதற்கு வாய்ப்பானது. சுருங்கக் கூறின், சுமை தாங்காத இதயம் எழுப்பும் முறைப்பாட்டையே நாம் குருதியில் வாசிக்கிறோம்.

2002இல் வெளிவந்த ஆய்வொன்று, மூச்சுத்திணறலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1586 பேரில் இதயத்தாற் திணறுவோரைப் பிரித்தறிய இவ்வளவீடு பெரிதும் உதவுகிறது எனக் காட்டியது. அதையடுத்து, நாலாயிரத்துக்கு மேற்பட்ட நாட்பட்ட நோயாளரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. அதன் தலைமை ஆசிரியர் நாம் மேலே கண்ட இந்தர் ஆனந்தே. முதல் அளவு உயர்ந்திருந்தோர் கூடுதலாக இறந்தனர். அதைவிட முக்கியமானது, சில மாதங்களில் அளவு குறைந்தோரின் எதிர்காலம் நன்றாயிருந்தது. ஏறியோரின் எதிர்காலம் மோசமாயிருந்தது. இதயத் தசை சிதைவதைக் காட்டும் துரோபொனின், தசையில் நார் படிவதோடு தொடர்புடைய கலெக்ரின்-3, எஸ்.ரி.2 ஆகியனவும் பின்னர் இவ்வரிசையிற் சேர்ந்தன.

ஆயினும் எண்ணை வழிபடும் மயக்கத்துக்கு நாம் ஆளாகலாகாது. வயது கூடினாலும் சிறுநீரகம் பழுதுபட்டாலும் இவ்வளவு உயரும்; உடல் பருத்தவரிடம் எதிர்பாராதவாறு குறைந்திருக்கும். இந்த எண்ணைக் குறிவைத்து மருந்தை மாற்றிக்கொண்டு போனால் நோயாளர் கூடுதலாகப் பிழைப்பரா என்று 894 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 2017இல் தன் முடிவை வெளியிட்டது. கவனமான வழக்கமான சிகிச்சையைவிட அது மேலான பயனைத் தரவில்லை. எண் பிழைக்கவைப்பதில்லை, சரியான மருந்து, சரியான அளவில், இடையறாது கிடைப்பதே பிழைக்கவைக்கிறது. மேலும், ஆயிரம் பேரில் எத்தனை பேர் இறப்பர் என்று கூறும் அளவீடு, இந்த ஒருவர் எப்போது இறப்பார் என்று கூறவல்லதன்று. இவ்வேறுபாட்டை மறந்தால் அது பழைய அசாத்தியத் தீர்ப்பாகவே மீண்டும் மாறிவிடும்.

நமது சூழலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக்கு அக்கரையிலுள்ள கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், 2013ஆம் ஆண்டு இதயச் செயலிழப்பால் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட 1205 பேரைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனித்தனர். ஐந்தாண்டு முடிவில் அவர்களில் 59 சதவீதத்தினர் இறந்திருந்தனர். பொதுச் சுகாதாரத்தில் முன்னணியில் நிற்பதாகப் போற்றப்படும் மாநிலத்தின் நிலை இது. நோயாளரின் சராசரி வயது அறுபத்தொன்றளவிலேயே இருந்தது. மேனாடுகளில் இந்நோய் எழுபதுகளில் வருவது. நம்மவர் பத்தாண்டு முந்தி நோயுறுகின்றனர்.

யாழ்ப்பாணத்து நோயாளருக்கு இன்னொரு சுமையும் இருந்தது. நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு உயிர்தாங்க வேண்டிய நோய் இது. 1990களில் பொருளாதாரத் தடையால் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நிலவியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, நாலடி நடக்க மூச்சிரைப்பவர்களும் அந்தக் கூட்டத்திலே நடந்தனர். போர் ஓய்ந்தபின்னும், 2022இல் நாடு கடனை அடைக்க இயலாது நின்ற காலத்தில், அரசாங்க வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகள் அருகின. இவற்றை எந்தக் குருதிக் குறிகாட்டியும் காட்டாது. ஆனால் இவையும் நோயின் முடிவைத் தீர்மானிக்கும் காரணிகளே.

அப்படியாயின் செலவுமிக்க இப்பரிசோதனை நமக்கு வேண்டாமா? அவ்வாறு கூறுவது பிற்போக்காகும். கிராமத்து வைத்தியசாலையிலும் அது இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருத்தல் வேண்டும். ஆனால் அது வரும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. குருதியில் சோடியம் குறைந்திருப்பது, சிறுநீரகக் கழிவுகளான யூரியாவும் கிரியற்றினினும் ஏறியிருப்பது, ஈமோகுளோபின் தாழ்ந்திருப்பது ஆகியனவும் நோயின் போக்கை முன்னறிவிப்பனவே. இவை பழைய, மலிவான பரிசோதனைகள். தினமும் காலையில் நிறை பார்த்து, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும் என்று தமிழிற் சொல்லிக்கொடுப்பதற்கு ஆய்வுகூடமே தேவையில்லை. எனலாப்பிரில், பீற்றா தடுப்பான், ஸ்பைரனோலக்ரோன் ஆகியன இன்று எந்தக் கம்பனியின் ஏகபோக உரிமையும் அல்ல.

கிறீன் தொடங்கி முடியாமற்போன பணி இங்கேதான் மீண்டும் நம்மை அழைக்கிறது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் போர்க்காலம் முழுவதும் தளராது வைத்தியரை உருவாக்கித் தந்தது, அது பெருமைக்குரியது. ஆயினும் நோயாளியின் கையிற் கொடுக்கப்படும் பரிசோதனைத் துண்டு இன்றும் ஆங்கிலத்திலேதான் இருக்கிறது. தன் இதயம் எழுதியனுப்பிய முறைப்பாட்டைத் தானே வாசிக்க இயலாத நிலை எத்துணை அவலமானது! விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் பி.என்.பி. என்றால் என்ன, சோடியம் என்றால் என்ன என்று தமிழில் விளக்குவாராயின், அம்மாணவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டனின் துண்டை எடுத்து வாசிப்பான். அது சிறிய காரியமன்று.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் பண்டத்தரிப்பில் கேட்கப்பட்ட கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. அன்று வைத்தியரிடம் விடை இருக்கவில்லை. இன்று விடையின் ஒரு பகுதி குருதியில் இருக்கிறது. மறுபகுதி மருந்துக் களஞ்சியத்திலும், பஸ் கட்டணத்திலும், வரவுசெலவுத் திட்டத்திலும் இருக்கிறது. முதற் பகுதியை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துத் தந்துவிட்டனர். மறுபகுதிக்கு விடை காணவேண்டியவர்கள் நாம்.